முட்டைக்கு அரிசி

எழுபதுகளின் கடைசியில் நான் முள்ளிப்பட்டில் வாழ்க்கைப்பட்டேன். போளூரில் எட்டாவது வரை படித்தவள் என்று ஒரு பெருமை இருந்தது; அது அங்கே ஒன்றுக்கும் உதவவில்லை. தறிக்காரர் வீடு, சுத்த சைவம். விடிந்தால் தறிச் சத்தம், பொழுது சாய்ந்தாலும் அதே சத்தம். அதற்கு மேல் குரலை உயர்த்திப் பேச யாருக்கும் தெம்பும் இல்லை, மனசும் இல்லை. ஆண்கள் சாப்பிட்டு, மாமியார் சாப்பிட்டு, கடைசியில் எனக்குச் சட்டியின் அடியில் கொஞ்சம் சோறும் ரசமும் மிஞ்சும். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அழுதுகூடப் பார்த்தேன், தறிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

முதல் பிள்ளை ஐந்தாம் மாதம் கலைந்துபோனது. இரண்டாவது தரித்தபோது, ஊருக்கு வந்துபோகும் நர்சம்மா என் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, மாமியார் காதில் விழாமல் சொன்னார்: "இன்னாம்மா இது, சொட்டு ரத்தம் இல்ல. தெனம் ஒரு முட்ட சாப்புடு. இல்லன்னா இதுவும் தங்காது, சொல்லிட்டேன்."

முட்டையாம்! அந்த வீட்டில் அந்தச் சொல்லைச் சொன்னாலே தரையைக் கழுவிவிடுவார்கள்.

வழி கொல்லைப்புறமாக வந்தது. எங்கள் மாட்டுக்குச் சாணி அள்ளக் காலனியிலிருந்து ஒருத்தி வருவாள். என் அம்மா வயசு. இரண்டு கோழி வைத்திருந்தாள். நாளுக்கு ஒரு முட்டை தேறும். அவளுக்கு வேண்டியது அரிசி. காலனியில் அப்போதெல்லாம் கேழ்வரகுக் களியும் கூழும்தான். களம்பூர் மில்லில் வெள்ளை வெளேரென்று தீட்டி வந்த அரிசி பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். அவளுடைய ஒரே மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். எனக்கும் அவளுக்கும் ஒரே மாதம். "புள்ளத்தாச்சிக்கு நெல்லுச்சோறு போடணும்னு ஆசம்மா," என்றாள்.

முட்டையைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டு விலகி நிற்பாள். நான் எடுத்துக்கொண்டு, அவள் ஏந்திய முந்தானையில் கை படாமல் அரிசியைக் கொட்டுவேன். பிறகு மாட்டுக் கொட்டகைக்குள் போய், முட்டையைப் பச்சையாகவே உடைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவேன். கை படக் கூடாதாம், வயிற்றுக்குள் போகலாமாம். நல்ல ஆசாரம் போங்கள்!

வயிறு புரட்டும். ஆனாலும் அந்த ஐந்து நிமிஷத்துக்காக விடிந்ததிலிருந்து காத்திருப்பேன். "இன்னிக்கு மொகம் தெளிவா கீதும்மா" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்ல அந்த ஊரில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

எட்டாம் மாதம் ஒரு காலையில், அவள் முட்டையைக் கல்லில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"நர்சம்மா எம்பொண்ணுக்கும் முட்டதான் குடுக்கச் சொல்லுதும்மா. காலு ரெண்டும் வீங்கிகினே போவுது. நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. நெல்லுச்சோறு போட்டா பத்தாதா?"

என் வயிற்றில் பிள்ளை உதைத்தது. அவள் கோழிகளை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை. ஒரு நாள் அவள் மகளுக்கு, ஒரு நாள் எனக்கு என்று பங்கு வைத்துக்கொள்ளலாம் என்பதுகூடத் தோன்றவில்லை. பயம் அப்படிப் பிடித்து ஆட்டியது.

"நெல்லுச்சோத்த விடவா முட்ட?" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துபோனது. முட்டையைக் கல்லில் வைத்தாள். அன்றைக்கு ஒரு கைப்பிடி அரிசி கூடவே போட்டேன், பாவி.

எனக்குப் பெண் பிறந்தது, கொழுகொழுவென்று. மாமியார் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஒரு மாதம் கழித்துத்தான் அவள் மறுபடி கொல்லைப்பக்கம் வந்தாள். பிரசவ வலி கண்ட மகளை மாட்டு வண்டியில் ஏற்றி ஆரணிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே தாயும் பிள்ளையும் போய்விட்டார்களாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. காலனியில் விழுந்த சாவு எங்கள் தெருவுக்குச் சேதியே இல்லை. அவள் வாயால் கேட்டபோது கதவைப் பிடித்துக்கொண்டேன். அவள் அழவில்லை. என்னைத்தான் தேற்றுவதுபோலப் பேசினாள்.

"நான் ஒரு கொறையும் வைக்கலம்மா. நீங்க சொன்னாப்லயே, கடசி வரிக்கும் நெல்லுச்சோறுதான் போட்டேன்."