கானில் விழுந்தவள்

என் கணவர் திருந்த வேண்டும் என்று பதினாறு வருடம் ஜெபித்தேன். திருந்தினார். அதற்குப் பிறகுதான் எனக்கு அவர்மேல் கோபம் அதிகமானது. இதைச் சொன்னால் சபையில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

முன்பெல்லாம் கசிப்புக் குடித்துவிட்டு வந்து அடிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை விறகுக்கட்டையால் அடித்ததில் என் இடது மணிக்கட்டு ஒடிந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் கேட்டபோது, விறகு பொறுக்கப் போன இடத்தில் கானில் விழுந்துவிட்டேன் என்றேன். மழைத்தண்ணீர் ஓடுவதற்காகத் தேயிலைக்கு நடுவே வெட்டியிருக்கும் பள்ளத்தைத்தான் கான் என்போம். உண்மையைச் சொன்னால் பொலிஸ் வரும், பேச்சு தோட்டத்தை நடத்தும் துரை வரைக்கும் போகும், தோட்டத்து வேலையிலிருந்து அவர் பெயரை வெட்டிவிடுவார்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் நாங்கள் குடியிருந்த காம்பரா அவர் பெயரில் இருந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான் எங்கே போவேன்? அதனால் பொய் சொன்னேன்.

எலும்பு நேராகச் சேரவில்லை. தேயிலைக் கொழுந்தை இரண்டு கையாலும் எடுக்க வேண்டும். அன்றிலிருந்து எனக்கு வலது கை மட்டும்தான். மற்றவர்கள் கூடை நிரம்பும்போது என் கூடையில் பாதிதான் இருக்கும். கானைத் தாண்டும்போதெல்லாம் பின்னால் வருகிற பெண்களில் யாராவது, "அக்கா, கான் வருது, பாத்து வாங்க" என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். பக்கத்து மலையில் மண்வெட்டியோடு நிற்கும் என் கணவரும் சிரிப்பார். பதினோரு வருடம் இதைக் கேட்டேன்.

பிறகு அவர் இரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். வார்டுக்கு வந்து யாரோ ஜெபித்தார்கள். வெளியே வந்தவர் குடியை விட்டார். அது பொய்யில்லை, உண்மையிலேயே விட்டார். அதுவரை நான் தனியாகப் போய்க்கொண்டிருந்த ஹட்டன் ஜெபவீட்டுக்கு அவரும் பஸ் ஏறினார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் நின்று சாட்சி சொன்னார். தான் மனைவியை அடித்த பாவி என்றும், கர்த்தர் தன்னை மன்னித்துவிட்டார் என்றும் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். பெண்கள் பக்கத்துப் பாயில், கோணலான கையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கையைப் பற்றி என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. மாதம் ஒரு தடவையாவது அந்தச் சாட்சியைச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் கை தட்டுவார்கள்.

போன வருடம் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடிவு செய்து, பாஸ்டர் எங்கள் லயத்துக்கு வந்தார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

"அன்னைக்கு நீங்களும் தண்ணிக்குப் பக்கத்துல நின்னு, மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லணும் சிஸ்டர். பெரிய சாட்சியா இருக்கும்."

"சொல்ல மாட்டேன் பாஸ்டர்."

"மனசுல வச்சிருந்தா அது நம்மளத்தான் அரிக்கும்மா."

"என்கிட்ட கேட்டாரா அவரு? ஆண்டவர்கிட்ட கேட்டாராம், ஆண்டவரு மன்னிச்சாராம். ஒடிஞ்சது ஆண்டவரு கையா?"

பாஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. கதவுப் பக்கம் நின்ற என் கணவர் அவசரமாக, "மன்னிச்சிரு புள்ள" என்றார். வந்தவருக்கு முன்னால் காரியத்தை முடித்துவிடப் பார்த்தார்.

"இங்க வேணாம்" என்றேன். "ஹட்டன்ல உங்கள யாருக்குத் தெரியும்? அங்க எத வேணும்னாலும் சொல்லலாம். கொழுந்து நிறுக்கிற எடத்துக்கு வாங்க. எல்லாப் பொம்பளைங்களும் நிக்கிறப்ப, இவ கான்ல விழலன்னு சொல்லுங்க. அத சொல்லாம தண்ணியில முங்குனா சட்டதான் நனையும்."

பாஸ்டர் எழுந்தார். என் கணவரிடம் மெதுவாக, "யாருக்குச் செஞ்சோமோ அவங்ககிட்டயும் போகணும் தம்பி. நான்தான் அத ஒங்களுக்குச் சொல்லித் தந்திருக்கணும். போயிட்டு வந்த பொறகு ஞானஸ்நானத்த வச்சுக்குவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று வாரம் என் கணவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஜெபவீட்டுக்கு வந்தார், சாட்சி மட்டும் சொல்லவில்லை. நிறுக்கிற இடத்துக்கு வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அதைப் பற்றி யோசிக்கவும் எனக்குத் தெம்பு இல்லை.

ஆண்களுக்கு மத்தியானமே வேலை முடிந்துவிடும், பெண்களுக்குத்தான் சாயந்திரம் வரை. ஒரு வெள்ளிக்கிழமை கடைசி நிறுவைக்கு வரிசையில் நிற்கிறோம், அவர் மலை ஏறி வருகிறார். வெள்ளைச் சட்டை இல்லை. காலெல்லாம் சேறு.

தராசுப் பக்கம் நின்ற கங்காணி, "என்னாப்பா, பொஞ்சாதி கூடையத் தூக்க வந்தியா? ஞானஸ்நானம் எடுக்கறதுக்கு முன்னாடியேவா?" என்றார். சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. "இவ கை கான்ல விழுந்து ஒடியல. நான்தான் கட்டையால அடிச்சு ஒடிச்சேன். என் பேர வெட்டிருவாங்கன்னு இவ பொய் சொன்னா. நீங்க சிரிச்சப்ப நானும் சேந்து சிரிச்சேன்" என்றார்.

பக்கத்துக் காம்பராப் பெண் கூடையை இறக்கி வைத்தாள். "இத சொல்லவா இம்புட்டுத் தூரம் ஏறி வந்தீங்க அண்ணே? நமக்கு நடுவுல ஒரு செவுருதான். அன்னைக்கே எல்லாம் கேட்டுச்சு."

"அக்கா கான்னு சொன்னாங்க. நாங்களும் கான்னு சொன்னோம்" என்றாள் இன்னொருத்தி.

இத்தனை வருடம் நான் காத்த இரகசியம் லயம் முழுக்கத் தெரிந்திருக்கிறது.

"தெரிஞ்சுக்கிட்டாடி சிரிச்சீங்க?" என்று கேட்டேன்.

கங்காணி தராசைப் பார்த்தபடி, "கூடைய வைங்க, லொறி வந்துரும்" என்றார்.

திரும்பும்போது பக்கத்துக் காம்பராப் பெண் என்னோடு சேர்ந்து நடந்தாள். நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவள். "அன்னைக்கு நான் ஒங்க கதவத் தட்டியிருக்கணும் அக்கா. பயந்துட்டேன். மன்னிச்சிருங்க" என்றாள். அவளுக்கு யாரும் சாட்சி சொல்லப் பழக்கவில்லை. "சரி, விடு புள்ள" என்றேன். வாய் தானாகச் சொன்னது. என் கணவருக்கு அப்படி வரவில்லை.

அடுத்த ஞாயிறு நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து ஆற்றில் ஞானஸ்நானம். நானும் போனேன், அவர் துவட்டிக்கொள்ளத் துவாயைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன். பாஸ்டர் என்னைப் பார்த்தார். "கோவம் போகல பாஸ்டர். ஆனா அவரு வந்து சொன்னாரு. அதனால நானும் வந்திருக்கேன்" என்றேன். அது போதும் என்றார். அன்றைக்குக் கை தட்ட ஆளில்லை, ஆறுபேர்தான் இருந்தோம். தண்ணீர் ஐஸ் மாதிரி. அவர் முங்கி எழுந்து, பல் கிட்டிக்கொண்டு நடுங்கியபடி கரைக்கு வந்தார். துவாயைக் கொடுத்தேன்.

இப்போது கானைத் தாண்டும்போது மலையில் யாரும் எதுவும் சொல்வதில்லை. ஈர நாளில் கை இன்னும் வலிக்கும். அது மாறவில்லை. காலையில் மலை ஊற்று கொட்டும் பீலியிலிருந்து அவர்தான் தண்ணீர் தூக்கி வருகிறார். வாளியை வைத்துவிட்டு, "மன்னிச்சிட்டியா?" என்று கேட்பார். தினமும் கேட்கிறார். சில நாள் ஆமாம் என்கிறேன், அன்றைக்கு அது உண்மைதான். சில நாள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறேன். அவர் மறுநாளும் தூக்கி வருகிறார்.