இருபது கிராமில் முப்பத்தாறு

ஜெர்சி கெமிஸ்ட்ரி டீச்சர், ஊர் சேரப்பணஞ்சேரி. நானும் அவளும் வல்லக்கோட்டைப் பக்கம் ஒரே தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறோம், நான் தமிழ். எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு பெயருக்குத்தான். ஜூன் மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்துவிடுவார்கள். பதினொன்றில் வரும் மோல் கணக்குக்கு ஒரு ஜெராக்ஸ் மெட்டீரியல். புரிய வேண்டாம், விடையை உருப்போட்டால் போதும். இந்தக் கூத்துக்குப் பெயர் படிப்பு!

ஜெர்சிக்கு மோல் கணக்கென்றால் உயிர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரகசியமாகச் சொல்லிக்கொடுப்பாள்.

"லைன்ல பத்து கார் பாடி நிக்குது. டயர் இருபதுதான் வந்துகீது. எத்தினி கார் வெளிய வரும்?"

"அஞ்சு மிஸ்!"

"அவ்ளோதான். எது ஷார்ட்டோ அத்த வச்சுத்தான் கணக்கு."

அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டவள் சசிரேகா ஒருத்திதான். அவள் அம்மா போன் கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிறவள். மற்ற பிள்ளைகள் சாப்பிட்ட கையோடு ஓடிவிடுவார்கள்.

காலாண்டுத் தேர்வு வந்தது. நாலு கிராம் ஹைட்ரஜனும் முப்பத்திரண்டு கிராம் ஆக்சிஜனும் சேர்ந்தால் எவ்வளவு தண்ணீர் என்பது மெட்டீரியலில் இருந்த கணக்கு, விடை முப்பத்தாறு. ஜெர்சி கேள்வித்தாளில் ஆக்சிஜனைப் பதினாறாகக் குறைத்துவிட்டாள். வகுப்பே முப்பத்தாறு என்று எழுதி வைத்தது. போட்ட சரக்கே இருபது கிராம், தண்ணீர் மட்டும் முப்பத்தாறாம்! தமிழ் டீச்சர் எனக்கே சிரிப்பு வந்தது. சசிரேகா மட்டும் பதினெட்டு என்று சரியாகப் போட்டிருந்தாள். அவளுக்கு முழு மார்க், மற்றவர்களுக்கு முட்டை.

கரஸ்பாண்டன்ட் பெருமாள்சாமி ஸ்டாஃப் ரூமுக்கே வந்துவிட்டார். "இன்னாம்மா இது? மெட்டீரியல்ல இருக்கறத எழுதுன பசங்களுக்கு முட்டையா? எல்லாருக்கும் ரைட்டு போடு. முடியாதுன்னா நாளைலேர்ந்து வராத."

"தப்பு சார் அது. எப்பிடி சார்..."

"தப்போ ரைட்டோ, எனக்கு ரிசல்ட் வரணும்."

ஜெர்சியின் புருஷன் அந்தோணிராஜ் கான்ட்ராக்ட் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருந்தான். இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அழுதுகொண்டே எல்லாத் தாளையும் திருத்தினாள்.

தாளைக் கொடுத்த அன்று சசிரேகா எழுந்து நின்றாளாம். "மிஸ், பதினெட்டுக்கும் ரைட்டு, முப்பத்தாறுக்கும் ரைட்டு. அதெப்பிடி மிஸ்?"

"உக்காரு" என்று மட்டும் சொன்னதாக ஜெர்சி என்னிடம் சொன்னாள்.

அரையாண்டிலும் அதே கணக்கை எண் மாற்றித்தான் கேட்டாள். எல்லாருக்கும் ரைட்டு போட்டுவிட்டால் எவன் கேட்கப்போகிறான்? சசிரேகா ஒருத்தியாவது யோசித்து எழுதட்டும் என்ற ஆசை. அவள் தாளைப் பிரித்தால் முப்பத்தாறு. அடியில் கோடு வேறு.

ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டுக் கேட்டாள். "ஏன்டி, உனக்குத்தான் தெரியுமே?"

"தெரியும் மிஸ். எது எழுதுனாலும் நீங்க ரைட்டுதானே போடுவீங்க? இதான் ஈஸியா கீது."

ஜெர்சி அந்தக் கணக்குக்கும் ரைட்டு போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தாள்.