தண்டுக்கீரையும் வெள்ளைச் சோறும்

நூறு நாள் வேலையில் எனக்கு மண் சுமக்கிற வேலை கிடையாது. பெருங்குடலை எடுத்த பிறகு பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் ஏரிக்கரையில் மற்றவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தண்ணீரை நான் மட்டும் வயிறு முட்டக் குடிக்க முடியாது. வெறும் தண்ணீர் குடித்த வேகத்தில் வயிற்றில் மாட்டிய பையில் வந்து நிற்கும். உப்பும் துளி சர்க்கரையும் கரைத்த தண்ணீரை வாய் வாயாகக் குடிக்க வேண்டும்.

வயிற்றின் வலது பக்கம் சிறுகுடலை வெளியே எடுத்துத் தைத்திருக்கிறார்கள். அதன்மேல் ஒட்டிய பையில்தான் எல்லாம் இறங்கும். இது போதாதென்று பல வருஷமாகச் சர்க்கரை வேறு. சர்க்கரை டாக்டர், "கீரை நிறைய சாப்பிடுங்க. வெள்ளைச் சோத்தையும் உப்பையும் குறைங்க" என்பார். பை மாட்டக் கற்றுக்கொடுத்த நர்ஸம்மா, "வெள்ளைச் சோறுதான், குழைய வடிச்சு சாப்பிடுங்க. கீரை, தோல், கொட்டை எதுவும் வேணாம். உப்பு தாராளமா போட்டுக்குங்க" என்பார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. இரண்டு பேரையும் ஒரே வயிற்றில் உட்கார வைத்துப் பஞ்சாயத்து பண்ணுவது என் தலையெழுத்து. ஒரு கை குழைந்த சோறு, தோல் சீவிய சுரைக்காய், ஒரு முட்டை, மோர். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கொஞ்சம். இப்படித்தான் ஓட்டுகிறேன்.

வீட்டில் இது சுலபம். கஷ்டமெல்லாம் மத்தியானம் புங்க மரத்தடியில்தான். அங்கே யாரும் தன் டப்பாவைத் தனியாகச் சாப்பிடுவதில்லை. எனக்கு ஒரு கூட்டாளி, நடவு நட்ட காலத்துப் பழக்கம். அவள் வீடு காலனியில், என் வீடு ஊருக்குள். அவள் டப்பாவில் கை வைக்கிற ஊர்க்காரி நான் ஒருத்திதான்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவள் நீட்டிய எதையும் நான் வாங்கவில்லை. "வேணாம்டி, வயிறு சரியில்ல" என்று தினமும் அதையே சொன்னேன். ஒருநாள் அவள் எல்லாரும் கேட்கவே சொன்னாள்: "மின்னாடி எறங்குன என் சோறு இப்ப எறங்கலியா? ஊர்க்காரி புத்தி எங்க போவும்?"

எனக்கு முகம் எரிந்தது. பையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் புடவைக்குள் அப்படி ஒன்று இருப்பது தெரிந்தால் யார் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்று பயம். அதனால் அவள் டப்பாவை இழுத்து, வேர்க்கடலைப் பொடி தூவிய தண்டுக்கீரைப் பொரியலைத் தண்டும் நாருமாக அள்ளிச் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் பை காலியாகவே கிடந்தது. என் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். "இன்னிக்கி ஒண்ணுமே வரல பாரு. நல்லாயிக்கினு வருது போல கீது" என்றார். மனுஷன் அப்பாவி. கீரை நார் குடலை அடைத்துக்கொண்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வயிறு கல்லாக உப்பியது, வாந்தி நிற்கவில்லை. காஞ்சிபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல் சலைன் ஏற்றிப் போட்டுவைத்தார்கள். ஒருவழியாக அடைப்பு விட்டது.

அவள் பஸ் பிடித்துப் பார்க்க வந்தாள். நான் புடவையை விலக்கிக் காட்டினேன். குனிந்து பையைப் பார்த்தாள்.

"இதச் சொல்லித் தொலைக்கக் கூடாதா? நீ துன்னலன்னா எனக்குக் கோவம்தான் வரும். துன்னுட்டு நீ செத்தா நான் இன்னாடி பண்ணுவேன்?"

அழுதுகொண்டே திட்டினாள். நர்ஸ் வந்து அதட்டுகிறவரை திட்டினாள். நானும் அழுதேன்.

உடம்பு தேறி வேலைக்குப் போனபோது, எனக்கு முன்பே அவள் மரத்தடியில் எல்லாரிடமும் சொல்லி முடித்திருந்தாள். முதலில் அவள் மேல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் யாரும் தள்ளி உட்காரவில்லை. ஒருத்தி மட்டும், "நாத்தம் அடிக்காதா?" என்று கேட்டாள். "ஒழுகுற அன்னிக்கி வந்து மோந்து பாரு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

கூட்டாளி ஒரு டப்பாவை என் முன்னால் நகர்த்தினாள். குழைய வடித்த வெள்ளைச் சோறு, மோர், தூக்கலாக உப்பு. நான் அளந்து சாப்பிடுவதைப்போல மூன்று பங்கு இருக்கும்.

"இதுக்கும் வயிறு சரியில்லன்னு சொல்லுவியா?"

எல்லார் முன்னாலும் டப்பாவை வழித்துச் சாப்பிட்டேன். சாயங்காலம் விரலைக் குத்தி மெஷினில் பார்த்தபோது சர்க்கரை ஏறித்தான் இருந்தது. அன்றைக்கு அதற்காக நான் வருத்தப்படவில்லை.