குப்புறப் படுத்திருந்தபோது

நாடு சுதந்திரமடைந்த மெர்டேக்காவுக்கு மறுவருடம் நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தேன். எங்கள் ஊர் காஜா பெராங் கோயிலில் பால்குடம் எடுக்க நேர்ந்திருந்த சமயம், குதிகாலுக்கு மேலே திடீரென வலி. நானே படம் எடுத்துப் பார்த்தேன். எலும்பு முறியவில்லை. வலியோடு நடந்தேன்.

கால் வீங்கியதும் அம்மா டாக்டரிடம் இழுத்துப்போனார்.

"தசைநார் அறுந்தா படத்துல தெரியாதும்மா. குப்புறப் படு. கெண்டைக்காலை அழுத்துவேன், பாதம் அசையலேன்னா முழுசா அறுந்துபோச்சு, ஆபரேஷன்தான்; அசைஞ்சா மாவுக்கட்டு போதும்."

அழுத்தினார். வலியில் எனக்கு வேறெதுவும் தெரியவில்லை.

"அம்மா, அசையுதா?"

அம்மா குனிந்து பார்த்தார். டாக்டர் மறுபடி அழுத்தினார்.

"அசையுதுடி! டாக்டரையே உதைச்சிடுவ போலருக்கு!"

நேர்த்திக்கடன் நாளில் மாவுக்கட்டோடு கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தேன். பால்குடத்தை அம்மா சுமந்தார்.

பிறர் உடம்புக்குள் பார்ப்பவள் நான். குப்புறப் படுத்திருந்த அன்று என் பாதத்தைப் பார்க்க அம்மாவின் கண்கள்தான் இருந்தன.