ஊருக்குப் போயிருக்கிறார்

சந்திரம்மாள் அந்தப் பொய்யைத் திட்டமிட்டுச் சொல்லவில்லை.

அம்பாசமுத்திரத்தில் கணவரின் கருமாதிக் காரியங்களை முடித்துவிட்டு, டெல்லி நிஜாமுதீன் ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோ பிடித்து முனிர்கா வந்து சேர்ந்தபோது கீழ்வீட்டு சரிதா படியில் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். அங்கிள்ஜி வரவில்லையா என்று இந்தியில் கேட்டாள். சந்திரம்மாளின் இரண்டு கைகளிலும் பைகள். மூன்றாம் மாடி வரை ஏற வேண்டும். ஊரில் இருக்கிறார் என்றாள்.

“அச்சா” என்று சரிதா கொத்தமல்லிக்குத் திரும்பினாள்.

டெல்லித் தமிழர் வீடுகளில் யாராவது ஒருவர் எப்போதும் ஊருக்குப் போயிருப்பார். கோயில் கொடை, பாகப்பிரிவினை, முழங்கால் வைத்தியம். போனவர் மாதக்கணக்கில் திரும்பாவிட்டாலும் அக்கம்பக்கத்து வடக்கத்தியர் துருவிக் கேட்பதில்லை. அவர்களுக்கு அது அவ்வளவு தூரம். ஆகவே அவள் கணவர் ஜெயகிருஷ்ணன் ஊரிலேயே இருந்தார். ஒரு வருஷம் இருந்தார். நான்கு வருஷம் இருந்தார்.

அவர் ஒரு அமைச்சகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில்தான் சந்திரம்மாள் குடித்தனம் பழகினாள். பிள்ளைகள் இல்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டி வந்தபோது கூட இருந்தவர்களில் பாதிப்பேர் ஊர் திரும்பினார்கள். அங்கே போய் யாரோடு ஆபீஸ் பேசுவது என்று ஜெயகிருஷ்ணன் முனிர்காவில் இந்த ஃப்ளாட்டைப் பிடித்தார். வீட்டுக்காரர் மல்ஹோத்ரா ஃபரீதாபாத்தில் இருந்தார். வாடகை வங்கி வழியாகப் போய்விடும். அவர் வீட்டுப்பக்கம் வருவது அபூர்வம்.

கணவர் இருந்தவரை எதற்கும் சந்திரம்மாள் சொன்ன பதில் ஒன்றுதான்: அவரிடம் கேட்டுச் சொல்கிறேன். கேஸ்காரனுக்கும் அதே பதில், வண்ணம் அடிக்க வந்தவனுக்கும் அதே பதில். அவர் போன பிறகும் அதையே சொன்னாள். வித்தியாசம் என்னவென்றால், இப்போது பதிலையும் அவளே கொண்டுவர வேண்டியிருந்தது. வாடகையை ஏற்றப்போவதாக மல்ஹோத்ரா எழுதியபோது ஜெயகிருஷ்ணனின் கைபேசியிலிருந்து ஆங்கிலத்தில் பதில் போயிற்று. சமையலறைக் கூரை ஒழுகுவதை முதலில் கவனிக்கவும், அதன் பிறகு தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்படும் என்றது அது. எத்தனையோ சாயங்காலங்கள் அவர் வாய்விட்டு வரைவு எழுதக் கேட்டிருந்தவள் அவள். மல்ஹோத்ரா பாதி ஏற்றத்தோடு நின்றுகொண்டார். கூரைக்கும் ஆள் வந்தது. உயிரோடு இருந்தபோது ஜெயகிருஷ்ணன் எந்த வீட்டுக்காரரிடமும் அப்படிப் பேசியதில்லை.

ஊரில் அவருக்கு வாழ்க்கை வளர்ந்தது. கிணற்று மோட்டாரை மாற்றினார். கண்ணில் புரை வந்து ஆபரேஷன் செய்துகொண்டார். வெயிலில் வெளியே போகக்கூடாது என்றார்கள். கேட்ட சரிதா கண்ணுக்கு நல்லது என்று நெல்லிக்காய் முரப்பா ஒரு பாட்டில் கொடுத்தாள். சந்திரம்மாள் அதை வாங்கி அலமாரியில் வைத்தாள். சில மதியங்களில் அவள் மனதில் மெய்யாகவே ஒரு கோபம் எழுந்தது. மோட்டாரை மாற்றியாயிற்று, கண்ணும் சரியாயிற்று, இன்னும் என்ன அங்கே.

அம்பாசமுத்திரத்தில், மைத்துனர் வீட்டு முன்னறையில், அவர் மாலை போட்ட படமாக இருந்தார். டெல்லியில்தான் ஊரில் இருந்தார். அதனால் அவள் ஊருக்குப் போகவில்லை. இந்த ஃப்ளாட்டை விட்டால் மைத்துனர் வீட்டு முன்னறைதான் என்பது அவளுக்குத் தெரியும்.

மாசியில் அந்தக் கடிதம் வந்தது. தபால்காரர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். திரு ஜெயகிருஷ்ணன் அவர்களுக்கு. மாதாமாதம் நீடித்துவரும் வாடகைக் குடித்தனத்தை முடித்துக்கொள்கிறேன். சொந்த உபயோகத்துக்கு வீடு தேவைப்படுகிறது. இந்த அறிவிப்பு கிடைத்து ஒரு மாதத்துக்குள் காலி செய்து ஒப்படைக்கவும். அதுவரை வாடகை வழக்கம்போல் செலுத்தவும். முன்பணம் சாவி தரும்போது திருப்பித் தரப்படும்.

ஜெயகிருஷ்ணனின் கைபேசியிலும் மல்ஹோத்ராவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன் அங்கிள்ஜி, கடிதத்தோடு விட எனக்கு மனதில்லை.

சந்திரம்மாள் பத்மநாபனுக்குப் போன் செய்தாள். அவர் ஜெயகிருஷ்ணனுக்கு ஜூனியர், அதே ஊர்க்காரர். கிட்வாய் நகரில் மகன் குவார்ட்டர்ஸில் இருந்தார். ஜெயகிருஷ்ணன் இறந்தது தெரிந்த ஒருசிலரில் ஒருவர். மறுநாளே வந்தார். கடிதத்தை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

“இதென்ன மைனி, அண்ணாச்சி பேருக்கு வந்திருக்கு?”

“வீடு அவிய பேருலதான இருக்கு.”

“அண்ணாச்சி போயிட்டாவன்னு வீட்டுக்காரன்ட்ட சொல்லலியா?”

அவள் காபியை ஆற்றினாள்.

“சொல்லலியா?”

“அவரு கேக்கலை.”

பத்மநாபன் சத்தமாகச் சிரித்துவிட்டார். “நல்லா இருக்கே! மாசாமாசம் போனப் போட்டு, ஐயா இன்னும் உயிரோட இருக்கியளான்னா வாடகைக்காரங்கிட்டக் கேப்பான்?” பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். “சரி, இதுவும் ஒரு வகையில நல்லதாப் போச்சு. செத்தவர் பேருக்கு விட்ட நோட்டீசு நிக்காது. அண்ணாச்சிக்குப் பொறவு குடித்தனக்காரர் நீங்க. உங்க பேருக்குப் புதுசா விடணும். அதுக்கும் நீங்க அசையாட்டா அவன் கோர்ட்டுக்குப் போவணும். கோர்ட்டுன்னா ஒரு வருசம் லேசா ஓடிரும்.”

“ஒரு வருசமா?”

“வாடகைய மட்டும் நிறுத்திராதிய. வாங்க மாட்டேன்னு சொன்னாலும் பேங்கில போட்டுக்கிட்டே இருங்க. நான் சர்வீஸ் பூரா குவார்ட்டர்ஸ் ஒதுக்குத செக்‌ஷன்ல குப்பை கொட்டினவன். எத்தனை பேரக் காலி பண்ணச் சொல்லி நானே எழுதியிருக்கேன்! ஒருக்க இப்பிடித்தான், செத்தவர் பேருக்குப் போயிட்டு. அவரு சம்சாரம் ஆபீஸுக்கே வந்து, அவரக் கூட்டிட்டு வந்து காலி பண்ணுங்கடான்னு ஒரே ரகளை.” காபியை ஒரே மடக்கில் குடித்தார். “ஞாயித்துக்கிழமை நானும் வாரேன். நீங்க ஒரு வார்த்தை வாயத் தொறந்து சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்.”

ஒரு வார்த்தைதான். ஆனால் யோசித்துப் பார்த்தபோது, இதுவரை எந்த மொழியிலும் அதை யாரிடமும் தான் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அம்பாசமுத்திரத்தில் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றிருந்தார்கள். சொல்ல ஆள் பாக்கியில்லை. டெல்லி வங்கியில் சான்றிதழைக் கண்ணாடித் தடுப்புக்கு அடியில் தள்ளினாள். அந்தப் பெண் படித்துவிட்டு ஸாரி ஆன்ட்டி என்றாள். அவ்வளவுதான்.

அந்த வாரம் முழுக்க பாத்திரம் துலக்கும்போது, அவர் காலமாகிவிட்டார் என்று இந்தியில் சொல்லிப் பார்த்தாள். வோ நஹீன் ரஹே. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. யாரோ பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. குழாயை மூடிவிட்டு நின்றாள். எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் மல்ஹோத்ரா வந்தார். கையில் மிட்டாய்ப் பெட்டி. பத்மநாபனைப் பார்த்து வணங்கினார். சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். மகள் கனடாவிலிருந்து கைக்குழந்தையோடு திரும்பி வருகிறாள், புருஷனோடு ஒத்துவரவில்லை, வேறு வழி தெரிந்திருந்தால் உங்களைத் தொந்தரவு செய்திருக்கமாட்டேன் என்றார். சொல்லும்போது தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அங்கிள்ஜி வந்துட்டாரா ஆன்ட்டி? அவர் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்கணும். இல்லாட்டி இப்போ போன் போடுங்க, நான் பேசறேன்.”

பத்மநாபன் தொண்டையைச் செருமினார்.

சந்திரம்மாள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். “வோ நஹீன் ரஹே.”

மல்ஹோத்ரா எழுந்துவிட்டார். எழுந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் ஷூக்களைக் கழற்றினார். மிட்டாய்ப் பெட்டியை மேசையிலிருந்து எடுத்து அலமாரிக்குப் பின்னால் மறைத்தார். வாசலுக்குப் போய்ப் படியில் குனிந்து, “சரிதாஜி! சரிதாஜி! மேலே வாங்க, ஜல்தி!” என்று கத்தினார்.

பிறகு நடந்தது எதுவும் அவள் கையில் இல்லை. சரிதா வந்தாள். செய்தி கேட்டதும் வாயில் கை வைத்து அழுதாள். படிக்கட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக, துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார்கள். சோபாவைச் சுவரோடு தள்ளினார்கள். தரையில் வெள்ளைத் துணி விரித்தார்கள். ஒருத்தி போய் அடுப்பை அணைத்தாள். சந்திரம்மாளை நடுவில் உட்காரவைத்து இரண்டு பக்கமும் தோளைப் பிடித்துக்கொண்டார்கள்.

“இப்பத்தான் சேதி வந்ததா?” என்று சரிதா கேட்டாள்.

சந்திரம்மாளின் தலை அசைந்தது. எந்தப் பக்கம் அசைந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

“ஹாய் ராம்! கூட இருக்கக்கூட முடியலையே உங்களால.”

பத்மநாபன் நாற்காலியில் நெளிந்தார். குனிந்து, “மைனி, இவங்க இப்பம் நடந்ததா நெனைக்காங்க” என்றார் தமிழில்.

“நெனைக்கட்டும் தம்பி.”

பெண்கள் அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். எவ்வளவு மரியாதையான மனிதர். குழந்தைகள் பந்தைப் பால்கனியில் போட்டால் திட்டமாட்டார். முதல் மாடிக்காரி, ஹோலியன்று கேட் அருகே நின்றாரே, தன் மகன் அவர் காலில்தான் வண்ணம் வைத்தான் என்றாள். எந்த ஹோலி என்று அவள் சொல்லவில்லை. காவலாளி வாசலில் நின்றபடி, மழை நாளில் ஸாப் குடையில்லாமல் உள்ளே வந்தார், சலாம் வைத்தேன் என்றான். அவன் வேலைக்குச் சேர்ந்தே இரண்டு வருஷந்தான் ஆகிறது.

“இந்தக் குளிர்லகூட நான் பார்த்தேனே” என்றாள் சரிதா, மூக்கைத் துடைத்தபடி. “மதர் டெய்ரி பால் பூத் முன்னாடி. நமஸ்தே சொன்னேன். அவரும் சொன்னார். ஆன்ட்டிகிட்ட கேக்கணும்னு நெனச்சேன், எப்போ வந்தார்னு. மறந்துபோச்சு.”

சந்திரம்மாள் தோளிலிருந்த கைகளை விலக்கினாள்.

“என்ன போட்டிருந்தார்?”

“என்ன ஆன்ட்டி?”

“உடம்புல என்ன போட்டிருந்தார்?”

“பழுப்பு ஸ்வெட்டர். எப்பவும் போடுவாரே, அதான்.”

அந்த ஸ்வெட்டர் அம்பாசமுத்திரத்தில் அவரோடு எரிந்தது. டெல்லிக் குளிரில் போட்டுக்கொண்டு கிளம்பி வண்டியேறியவர், காய்ச்சல் என்று அங்கேயும் அதைக் கழற்றவில்லை. கடைசியில் யாரும் கழற்ற வேண்டாம் என்றுவிட்டார்கள்.

“எந்தப் பக்கம் போனார்?”

“போகலை. இந்தப் பக்கமா வந்துட்டிருந்தார். கையில பால் பாக்கெட்.”

சந்திரம்மாள் அவளையே பார்த்தாள். சரிதா பயந்துபோய்ப் பக்கத்தவளின் கையைப் பற்றினாள்.

கிளம்பும்போது மல்ஹோத்ரா கைகூப்பிக்கொண்டு நின்றார். அந்தக் கடிதத்தை மறந்துவிடுங்கள், பதின்மூன்றாம் நாள் காரியம் வரை நான் வாய் திறக்கமாட்டேன் என்றார். அதன் பிறகு உங்கள் பேருக்கு வேறு கடிதம் தருகிறேன். அன்றிலிருந்து ஒரு மாதம். அதற்கு மேல் என்னால் முடியாது ஆன்ட்டி, மகளை நான் எங்கே வைப்பேன். இந்த மாத வாடகையைத் தர வேண்டாம்.

“வாடகை வரும்” என்றாள் சந்திரம்மாள். யாரையும் கேட்டுச் சொல்வதாக அவள் சொல்லவில்லை.

எல்லோரும் இறங்கிப் போனார்கள். வெள்ளைத் துணி விரித்தபடியே கிடந்தது. பத்மநாபன் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஒரு வழியா சொல்லிட்டிய. இனி பயமில்லை. புது நோட்டீசு வரட்டும், வாங்கி வச்சிட்டுப் பேசாம இருங்க. கோர்ட்டுக்குப் போனா நாலு வருசமா நீங்கதான் குடித்தனக்காரர்னு எழுதிப் போட்டுருவோம். அவ்வளவு நாள் உங்க வாடகையத்தான வாங்கியிருக்கான். இறப்புச் சர்டிபிகேட்டு எங்க இருக்கு?”

“அதக் காட்டணுமா?”

“காட்டாம? ஜட்ஜு கேப்பாரே.”

“அதுல நாலு வருசம் முந்தின தேதில்லா இருக்கும்.”

“இருக்கத்தான செய்யும்.”

“அப்பம் சரிதா பாத்தது?”

பத்மநாபன் கண்ணாடியைக் கழற்றினார். “மைனி, பழுப்பு ஸ்வெட்டரு இந்த ஊர்ல வீட்டுக்கு ஒண்ணு கெடக்கு. அவ யாரையோ பாத்திருப்பா. இல்ல, அந்தக் காலத்துல பாத்தத இப்பம் சொல்லுதா.”

“வாச்மேன் புதுசு.”

“அவனுக்குத் தெக்கத்தி ஆளெல்லாம் ஒரே மூஞ்சி.”

“எல்லாருக்கும் கண்ணுல பட்டிருக்காவ. எனக்குத்தான் படலை. நான் உள்ளயே கெடந்துட்டேன்.”

பத்மநாபன் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். “கேளுங்க. அந்தக் காயிதத்த வெளிய எடுத்தா ஒரு வருசம் இந்த வீடு உங்களுக்கு. எடுக்காட்டா ஒரே மாசந்தான். அதுக்குப் பொறவு அம்பாசமுத்திரம். எங்க வச்சிருக்கிய, சொல்லுங்க.”

சந்திரம்மாள் வெள்ளைத் துணியின் ஓரத்தைக் கையால் நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. கடிதம் வந்ததிலிருந்து அவர் அதை அப்படிப் பார்க்கவில்லை.

“காயிதம் வேண்டாம் தம்பி. ஒரு மாசம் இருக்குல்லா. அதுக்குள்ள அவிய மேல ஏறி வந்திருவாவ.”

பத்மநாபன் எழுந்து வாசலுக்குப் போனார். செருப்பை மாட்டிக்கொண்டார். கையைப் பின்னால் நீட்டிக் கதவை இழுத்தார்.

“சாத்தாதிய” என்றாள் உள்ளேயிருந்து.