ஃபாதருக்கு நான் எழுதிய பரிந்துரை

எங்கள் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த பாதிரியார், சென்ற குளிர்காலத்தில் டெல்லி ஜங்புராவில் உள்ள என் வீட்டுக்கு ஒரு கடிதம் கேட்டு வந்தார். பதவி முடிந்து அவருக்கு இடமாற்றல் வந்திருந்தது. ஜார்க்கண்டில் காட்டை ஒட்டிய எங்கள் கடைசி வளாகத்துக்குப் போக வேண்டும். அவருக்கோ இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். பார்க்கும் மருத்துவர் டெல்லியில். ஆட்சிக்குழுவில் துறவியல்லாத மூத்த உறுப்பினர் நான். நான் கேட்டால், பல்கலைக்கழகத்தை நடத்தும் துறவற சபையின் தலைவர் மறுக்கமாட்டார்.

“அங்க ஆஸ்பத்திரிக்கே நாலு மணி நேரம் போவணும் சார். நீங்க ஒரு வரி எழுதினா இங்கேயே விட்டுருவாங்க.”

“எழுதுறேன் ஃபாதர். டீ ஆறுது, குடிங்க.”

அவருக்கு எதிரே என் மனைவியின் படம் மாட்டியிருந்தது. அவர் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவள் அதே பல்கலைக்கழகத்தில் செவிலியர் துறை ஆசிரியை. புற்றுநோய்க்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது, ஹரியானாவில் திறந்த புதிய வளாகத்துக்கு அவளை மாற்றினார்கள். சிகிச்சை முடியும்வரை பழைய வளாகத்திலேயே இருக்க அனுமதி கேட்டு இருவரும் இவரிடம் போனோம். சிரித்தார்.

“டீச்சர், எங்களுக்கெல்லாம் ஒரு பெட்டி, ஒரு ஜெபமாலை. உத்தரவு வந்தா மறுநாளே கிளம்பிருவோம். நீங்க என்ன, பிஷப்பைவிடப் பெரிய ஆளா?”

துறவிகள் தாமே ஏற்ற கீழ்ப்படிதல் விரதத்தை, வீடும் நோயும் உள்ள எங்கள்மேலும் சுமத்தலாம் என்று அவர்கள் நம்பினார்கள். ஞானஸ்நானம் பெற்ற நாள்முதல் பணிந்து பழகிய நாங்களும் நம்பினோம்.

வெளியே வந்ததும் அவள் தன் நாகர்கோவில் தமிழில் சொன்னாள்: “நீங்க ஒண்ணும் பேசாண்டாம். சாமியாருட்ட வழக்காடி என்னத்துக்கு?”

நான் பேசவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது. அதை அவர் கணக்கில் சேர்க்கமாட்டேன்.

பனிமூட்டத்தில் ஊர்ந்த ஊழியர் பேருந்தில், போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். மடியில் ஒரு பாலிதீன் பை வைத்திருப்பாள், வாந்தி வந்தால் பிடிக்க. ஐந்து மாதம் போனாள். தவக்காலத்தில் இறந்தாள். அடக்கப் பூசையில் இவர்தான் பிரசங்கம் வைத்தார். கீழ்ப்படிதலே அவளுடைய மகுடம் என்றார். நன்றாகப் பேசினார், சிலர் அழுதார்கள்.

அவர் வந்துபோன மறுநாள் காலை கடிதத்தை எழுதினேன். இதய நோயையும் ஸ்டென்டையும் மறைக்கவில்லை. பிறகு இப்படித் தொடர்ந்தேன்: ‘உத்தரவுக்கு விலக்குக் கேட்பதை ஃபாதர் எந்நாளும் ஏற்றதில்லை, நோயுற்றவர்க்கும் அதே நெறியை வகுத்தவர். இன்று அவருக்குச் சலுகை காட்டுவது அவர் எங்களுக்குப் போதித்த வாழ்வை இழிவுபடுத்துவதாகும்.’ இருமுறை படித்தேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

மாலையில் தொலைபேசியில் கேட்டார். “அனுப்பிட்டீங்களா சார்?”

“அனுப்பிட்டேன் ஃபாதர். அதுல ஒரு பொய்கூட இல்ல.”

“கர்த்தர் உங்கள ஆசீர்வதிப்பார்.”

பத்து நாளில் அவரை ரயிலேற்றினார்கள். அதன்பின் நான் நற்கருணை வாங்குவதில்லை. ஞாயிறு பூசையில் எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். இதைக் கவனித்த பங்குக்குரு ஒருநாள் வாசலில் நிறுத்தினார்.

“மனசுல ஏதாவது இருந்தா பாவசங்கீர்த்தனம் பண்ணிருங்க சார்.”

“அதுக்கு மனம் வருந்தணுமே ஃபாதர்.”

“ஜெபம் பண்ணுங்க. வரும்.”

“வந்துடக் கூடாதுன்னுதான் பண்றேன்” என்றேன்.