மிளகுத் தோட்டத்தில் விழுந்த சிவப்புக் கட்டங்கள்

செய்மதி பொய் சொல்லாது என்று எங்கள் அலுவலகத்தில் அடிக்கடி சொல்வார்கள். அதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

காட்டோரத்தில் மரங்களை வெட்டாமல் வைத்திருப்பவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை காசு கொடுக்கும் திட்டம் ஒன்றில் வேலை செய்கிறேன். காசு வெளிநாட்டுக் கம்பெனிகளுடையது. அவர்கள் அங்கே புகையை விட்டுக்கொண்டே இருப்பார்கள். அதற்கு ஈடாக மாத்தளையில் நாங்கள் மரம் வெட்டாமல் இருக்க வேண்டும். மரம் நிற்கிறதா என்று வானத்தில் சுற்றும் செய்மதி படம் எடுத்துப் பார்க்கும். மரம் போன இடம் என் ஃபோனில் சிவப்புக் கட்டமாக விழும். நான் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்து, படம் எடுத்து அனுப்ப வேண்டும். தமிழும் சிங்களமும் பேசுவேன் என்பதற்காகக் கிடைத்த வேலை.

ஒரு வருடம் மழை தொடங்கும்போது கட்டங்கள் விழுந்தது பலாபத்வலைக்கு மேலே, எனக்குப் பழக்கமான ஒரு முஸ்லிம் பெரியவரின் மிளகுத் தோட்டத்தில். அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவேன். ஒன்றிரண்டு கட்டம் இல்லை, தோட்டம் முழுக்கச் சிவப்பு. தோட்டத்தின் மேல் ஓரத்தில் அவருடைய வாப்பா நட்ட மகோகனி மரங்கள் வரிசையாக நின்றன. வீட்டுக் கூரை ஒழுகுகிறது, மரங்களை மர மில்காரனுக்குக் கொடுத்துவிட்டுக் கூரை போடப்போகிறேன் என்றவரை நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன். "வெட்டாதீங்க நானா, திட்டத்துல சேருங்க. வர்ற காசுல கூரைய போட்டுக்கலாம்" என்று சொல்லிச் சேர்த்திருந்தேன்.

போய்ப் பார்த்தால் மகோகனி அப்படியே நிற்கிறது. கீழே, மிளகுக் கொடி ஏறியிருக்கும் கிளிரிசீடியா மரங்கள் மட்டும் மொட்டையாக இருந்தன. கவ்வாத்து. கொடிக்கு வெளிச்சம் விழ வேண்டும் என்று மழை தொடங்கும்போது கிளைகளைக் கழித்துவிடுவார்கள். இந்தப் பக்கம் மிளகு வைத்திருக்கும் எல்லோரும் செய்கிற வேலை. கொஞ்ச நாளில் மரம் திரும்பத் தழைத்துவிடும்.

நானா கழித்த இலைகளை ஆட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, மொட்டத் தலைய படம் புடிக்க வந்தீங்களா?"

"நீங்க காட்ட வெட்டிட்டீங்கன்னு மேலேருந்து சொல்லுது நானா."

"வெட்டின மரம் எது, கழிச்ச மரம் எதுன்னு எங்கட ஆட்டுக்கே தெரியும். அவ்வளவு சல்லிய கொட்டி மேல அனுப்பினாங்களே, அதுக்கு ஏலாதாமா?"

இரண்டு பேரும் சிரித்தோம். படங்களை எடுத்து, இது கவ்வாத்து, மரம் எல்லாம் உயிரோடு இருக்கிறது என்று எழுதி அனுப்பினேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

காசு வந்தபோது பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் வந்தது. நானாவுக்கு வரவில்லை. மேலதிகாரியிடம் போய்க் கேட்டேன். அவர் வஹகோட்டைக்காரர், வீட்டிலேயே மிளகு வைத்திருப்பவர். சிங்களத்தில்தான் பேசிக்கொண்டோம்.

"உங்க தோட்டத்துல கவ்வாத்து வெட்டுறதில்லையா சேர்?"

"வெட்டுறோம்தான். எனக்குத் தெரியாதா? ஆனா காசு குடுக்குறவங்க உங்க ஃபோன் படத்த ஏத்துக்க மாட்டாங்க. தழைச்ச பொறகு மேலேருந்து எடுத்த படம் வேணும்."

"அப்ப அத எடுக்க வேண்டியதுதானே?"

"அவர் மத்தவங்களுக்கு முந்தி கவ்வாத்து வெட்டின ஒடனே ஒரு தெளிவான படம் கெடச்சிருக்கு. அதுக்குப் பொறகு ஒரே மேகம், மத்தவங்க வெட்டினது தெரியல. வருசக் கணக்கு முடியிற வரைக்கும் அவர் தோட்டமே தெரியல."

மழைக்காலத்தில் மாத்தளை மலையில் மேகம் இல்லாமல் வேறென்ன இருக்கும்? மேகம் மறைத்ததற்கு ஒரு மனுசனுடைய கூரையைப் பிடுங்குவதா? தெரியாதவன் என்றால் சொல்லிப் புரிய வைக்கலாம். எல்லாம் தெரிந்துகொண்டு, வெட்டியதாகக் கையெழுத்துப் போடுகிறவனை என்ன செய்வது? கத்தினேன். "சத்தம் போடாதீங்க, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார்.

நானாவிடம் சொல்லப் போனபோது கிளிரிசீடியா நன்றாகத் தழைத்திருந்தது. வீட்டுக்குள் ஒழுகும் இடங்களில் வாளி வைத்திருந்தார்கள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"அப்ப நான் வெட்டினேன்னே எழுதிட்டாங்க."

"ஆமா நானா. அடுத்த வருசம் சரி பண்றோம்னு சொல்றாங்க."

"அடுத்த வருசம் வரைக்கும் பெய்யாதேன்னு மழைக்கு சொல்ல ஏலுமா தம்பி?" என்றார். நிரம்பிய வாளியை வாசலில் கொட்டிவிட்டு, "வெட்டாமலே கள்ளனாகிட்டேன். இனி வெட்டினா என்ன?" என்றார்.

வெட்டாதீங்க என்று திரும்பவும் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

வெயில் வந்ததும் மில் லொறி வந்தது. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது, ஒரு துண்டு மேகம் இல்லை. என் ஃபோனில் கட்டங்கள் விழுந்தன, இந்த முறை தோட்டத்தின் மேல் ஓரத்தில், வரிசையாக. போனேன். மகோகனி ஒன்றுகூட மிஞ்சவில்லை, அடிக்கட்டைகள்தான் கிடந்தன. கீழே புதுக் கூரை வெயிலில் பளபளத்தது. நானா வெளியே வரவில்லை.

அடுத்த கூட்டத்தில் மேலதிகாரி அந்தத் தோட்டத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். இந்த ஆள் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார், செய்மதி முதலிலேயே பிடித்துவிட்டது என்றார்.

நான் எழுந்து நின்றேன். "மொதல்ல விழுந்தது கவ்வாத்துன்னு உங்களுக்குத் தெரியும் சேர்."

அவர் அடுத்த படத்தைப் போட்டார்.